ஒரு ரிப்பனின் பின்னால் போவது: அனிமேயை அலசிப் பழக ஒரு வழிகாட்டி

ஒரு பள்ளிக்கூட வராந்தா. வகுப்பறைச் சுவர்கள் எல்லாம் கண்ணாடி. அன்று காலைதான் அந்தப் பள்ளியில் சேர்ந்த ஒரு பெண், உடம்பு சரியில்லை என்று சொல்லி, வகுப்பின் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் மாணவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவ அறைக்குப் போகிறாள். துணைக்கு வந்தவள்தான் வழி காட்ட வேண்டும். ஆனால் புதியவள் முன்னால் விறுவிறுவென்று நடக்கிறாள். பழையவள் தயங்கித் தயங்கிப் பின்னால் வருகிறாள்.

'மதோகா மாகிகா' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முதல் எபிசோடில் வரும் காட்சி இது. தங்கை மகளோடு உட்கார்ந்து இரண்டாவது தடவை பார்த்தபோது அவள் கேட்டாள்: “பெரியம்மா, இவ இன்னிக்குத்தானே ஸ்கூல்ல சேர்ந்தா? வழி எப்படித் தெரியும்?” எனக்குக் கதை முழுக்கத் தெரியும். இருந்தும் அந்த நடையை நான் கவனித்திருக்கவில்லை. முதல் தடவை பார்க்கிற அவள் பிடித்துவிட்டாள். அலசல் என்று நாம் பெரிதாகச் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது: யார் முன்னால் நடக்கிறார்கள், யார் பின்னால் வருகிறார்கள் என்று பார்ப்பதில்.

அனிமே பார்க்கப் பிடிக்கும், பார்த்ததைப் பற்றி ஆழமாக எழுதவும் பேசவும் ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம் முழுக்க ஒரே தொடர்தான். ஒரு எச்சரிக்கை: கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தக் கதையில் முன்கூட்டியே தெரிந்துகொள்வது உண்மையிலேயே பெரிய இழப்பு.

முதலில் ஒரு சின்ன, முடிந்த தொடரை எடுங்கள்

நூற்றுக்கணக்கான எபிசோட் ஓடும் தொடரில் கை வைக்க வேண்டாம். அதில் ஒரு பொருள் எங்கெங்கே வருகிறது என்று தேடவே மாதங்கள் ஆகும். 'மதோகா மாகிகா' 12 எபிசோட். ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குள் முழுத் தொடரையும் பார்த்துவிடலாம், திரும்பவும் பார்க்கலாம். ஷாஃப்ட் ஸ்டூடியோ தயாரித்து, அகியுகி ஷின்போ இயக்க, கென் உரோபுச்சி திரைக்கதை எழுதியது. 2011 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது.

கதை சுருக்கமாக: கியூபே என்ற வெள்ளைப் பிராணி சிறுமிகளிடம் வருகிறது. உன் வேண்டுதல் ஒன்றை நிறைவேற்றுகிறேன், பதிலுக்கு நீ மந்திரச் சிறுமியாகி சூனியக்காரிகளோடு போராட வேண்டும் என்று ஒப்பந்தம் பேசுகிறது. ஒப்பந்தம் செய்தவளின் ஆன்மா ஒரு கல்லுக்குள் போய்விடும் என்பதையும், அந்தக் கல் முழுக்கக் கறுத்தால் அவளே சூனியக்காரி ஆவாள் என்பதையும் அது தானாகச் சொல்வதில்லை. மதோகா கனாமே ஒப்பந்தம் செய்யாமல் தடுக்க முயல்பவள் ஹொமுரா அகெமி. வராந்தாவில் முன்னால் நடந்தவள் அவள்தான்.

முதல் பார்வையில் நோட்டு வேண்டாம்

முதல் தடவை பார்க்கும்போது பார்வையாளராக மட்டும் இருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஒவ்வொரு எபிசோடும் முடிந்த பிறகு மனதில் நின்றுவிட்ட மூன்று விஷயங்களை மட்டும் எழுதிவையுங்கள். ஏன் நின்றது என்று எழுதக் கூடாது. ‘கியூபே பேசும்போது வாய் அசையவில்லை’, ‘ஹொமுராவின் வீட்டில் பெரிய ஊசல் ஆடுகிறது’, இப்படி. காரணத்தை அப்போதே எழுதினால் அந்தக் காரணத்திலேயே மாட்டிக்கொள்வோம். அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சி மாதிரியே தெரியும்.

இரண்டாவது பார்வைக்குத்தான் நோட்டு. பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நேரம், கண்டதும் கேட்டதும், தோன்றியது. இரண்டாவது கட்டத்தில் கேமரா பிடித்ததை மட்டும்தான் எழுத வேண்டும். ‘ஹொமுரா சோகமாக இருக்கிறாள்’ என்பது கண்டது ஆகாது, தோன்றியது. ‘ஹொமுரா சட்டென்று திரும்புகிறாள்’ என்பதுதான் கண்டது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நான் படித்த மோசமான அலசல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் கலந்ததால்தான் மோசமாயின. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. ஏனென்றால் திரையில் என்ன இருந்தது என்பதே கட்டுரையில் இருக்காது.

பொருளின் பின்னால் போங்கள்

இனி குறியீடு. புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் முதலில் விழுகிறார்கள்; நானும் விழுந்தேன். இணையத்தில் நிறங்களின் அர்த்தப் பட்டியல் ஒன்றை எடுத்து, ஹொமுராவின் நிறம் ஊதா, ஊதா என்றால் மர்மம், ஆகவே ஹொமுரா மர்மமானவள் என்று எழுதினேன். அவள் மர்மமானவள் என்பது முதல் எபிசோடைப் பார்க்கிற யாருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றுக்கு நிறத்தைச் சாட்சிக்கு அழைத்தேன், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையால் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

குறியீட்டுக்கு அகராதி கிடையாது. ஒரு கதைக்குள் ஒரு பொருள் எங்கே வருகிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது கை மாறுகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. சங்கப் பாட்டில் உள்ளுறை படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். குருகும் மீனும் எந்தப் பாட்டில், யார் வாயில், எந்த நேரத்தில் வருகின்றன என்று பார்த்துத்தானே பொருள் சொல்கிறோம்?

அதனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். மதோகாவின் சிவப்பு ரிப்பனை எடுப்போம்.

முதல் எபிசோட், காலை நேரம். மதோகா அம்மா ஜுன்கோவோடு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். எந்த ரிப்பனைக் கட்டிக்கொள்வது என்று கேட்கிறாள். அம்மா சிவப்பைக் காட்டுகிறாள். ரொம்பப் பளிச்சென்று இல்லையா என்று மகள் தயங்குகிறாள். அம்மா விடவில்லை, கட்டிக்கொண்டு போகிறாள். பத்து நிமிடத்தில் மறந்துபோகிற காட்சி. நோட்டில் எழுதவேண்டியது: ரிப்பனைத் தேர்ந்தெடுத்தது அம்மா.

அப்புறம் பல எபிசோட் வரை ரிப்பன் வெறும் ரிப்பன்தான். தினமும் தலையில் இருக்கிறது, அவ்வளவே. இந்த இடைவெளி முக்கியம். எப்போதும் இருப்பதால் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

12-ஆவது எபிசோடில், எல்லா மந்திரச் சிறுமிகளும் சூனியக்காரிகளாக மாறும் முன்பே அவர்களை விடுவிக்க வேண்டும் என்று மதோகா வேண்டிக்கொள்கிறாள். விலையாக, அந்த விடுவிப்பையே செய்யும் உலக நியதியாகி, மனிதப் பெண்ணாக உலகத்திலிருந்தே அழிந்துபோகிறாள். அவள் பிறந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. பிரியும்போது ரிப்பனை அவிழ்த்து ஹொமுராவிடம் கொடுக்கிறாள். ஹொமுரா உலகத்துக்குத் திரும்பும்போது கையில் ரிப்பன் இருக்கிறது. அவள் மதோகாவின் பெயரைச் சொல்லி அழ, கூட இருக்கும் தோழிகள் யார் அந்த மதோகா என்று கேட்கிறார்கள். அவள் இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் சாட்சி ஹொமுராவின் நினைவும் அந்தத் துணித்துண்டும்தான் என்றே தோன்றும்.

இத்தோடு நிறுத்தினாலே நல்ல அலசல் வரும். ஆனால் அதே எபிசோடில் இன்னொரு சின்னக் காட்சி இருக்கிறது. என்னை இந்தத் தொடரோடு கட்டிப்போட்டது அதுதான். மாறிய உலகத்தில், ஒரு ஆற்றங்கரையில், மதோகாவின் குட்டித் தம்பி தாத்சுயா மண்ணில் ஒரு படம் வரைந்து, மதோகா, மதோகா என்கிறான். அங்கே இருக்கும் ஹொமுராவின் தலையில் அந்தச் சிவப்பு ரிப்பன். பேச்சுவாக்கில் ஜுன்கோ அதைப் பார்க்கிறாள். அழகாக இருக்கிறது, ஆச்சரியமாக என் ரசனைக்கே அமைந்திருக்கிறது என்கிறாள். வேண்டுமானால் தரட்டுமா என்று ஹொமுரா கேட்கிறாள். என்னைப் போல வயதானவளுக்கு எடுக்காது என்று சிரித்து மறுத்துவிட்டு, மகள் ஒருத்தி இருந்திருந்தால் இதைக் கட்டிவிட்டிருப்பேனோ என்னமோ என்று ஜுன்கோ சொல்கிறாள்.

அந்த ரிப்பனைத் தேர்ந்தெடுத்ததே அவள்தான். மகளின் நினைவு மொத்தமும் போய்விட்டது. மகளுக்காகத் தேர்ந்தெடுத்த ரசனை மட்டும் போகவில்லை. ஒரு வார்த்தைகூட விளக்கம் சொல்லாமல் ரிப்பன் இதைச் செய்கிறது. சிவப்பு என்றால் அன்பு என்று அகராதியில் இருக்கலாம். இந்தக் கண்ணீர் அகராதியில் இருக்காது.

நீங்கள் எடுக்கும் எந்தப் பொருளுக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். திரும்பத் திரும்ப வருகிறதா? கை மாறுகிறதா, அல்லது நிலை மாறுகிறதா? அது வரும் இடங்களில் கதையும் திரும்புகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அலங்காரமாக இருக்கலாம். விட்டுவிடுங்கள், வருத்தமே வேண்டாம். எல்லாப் பூச்சாடிக்கும் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம் வேகமாக: கியோகோ சகுரா என்ற மந்திரச் சிறுமி எப்போதும் எதையாவது தின்றுகொண்டே இருப்பாள். 7-ஆவது எபிசோடில் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் மதோகாவின் தோழி சயாகாவுக்கு ஆப்பிள் கொடுக்கிறாள். தேவாலயம், ஆப்பிள் என்றதும் ஏதேன் தோட்டத்துக்குப் போய்விடத் தோன்றும். போவதற்கு முன்னால் காட்சியைப் பாருங்கள். சயாகா அந்தப் பழத்தை வேண்டாம் என்று எறிகிறாள். கியோகோ பாய்ந்து அவளைப் பிடித்து, உணவை வீணாக்காதே என்று சீறுகிறாள். அப்பா மதபோதகர், அவரைச் சபை ஒதுக்கிவைத்ததால் குடும்பமே பட்டினி கிடந்ததை அவள் சொல்வதும் அங்கேதான். முதலில் அந்த ஆப்பிள் பசிதான். ஏதேனும் அதில் இருக்கலாம். ஆனால் பசியைச் சொல்லாமல் ஏதேனைச் சொன்னால் அந்தப் பெண்ணைக் கைவிட்டதாக ஆகிவிடும்.

சிக்கலான பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது

ஒரு பாத்திரம் சிக்கலானது என்று எழுதிவிடுவது எளிது. எங்கே சிக்கல் விழுந்தது என்று காட்டுவதுதான் வேலை. இதற்கு நான் செய்வது: அவள் என்ன வேண்டும் என்கிறாள், அதற்காக என்ன செய்கிறாள், அதனால் என்ன ஆகிறது என்று எழுதுவேன். மூன்றும் ஒரே கோட்டில் வராத இடத்தில்தான் பாத்திரம் இருக்கிறது.

ஹொமுராவுக்கு இதைச் செய்ய 10-ஆவது எபிசோட் முழுக்க உட்கார வேண்டும். அதுவரை நாம் பார்த்த இறுக்கமான, யாரையும் நெருங்கவிடாத பெண், அங்கே இரட்டைச் சடையும் கண்ணாடியுமாக, இதய நோயால் நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவளாக வகுப்புக்குள் நுழைகிறாள். கரும்பலகைக் கணக்கு வராது, ஓட்டம் வராது. முதன்முதலில் அன்பாகப் பேசுகிறவள் மதோகா. அந்த மதோகா, வால்புர்கிஸ்னாக்ட் என்ற பெரும் சூனியக்காரியோடு மோதிச் செத்துப்போகிறாள். பிணத்தின் பக்கத்தில் நின்று ஹொமுரா ஒப்பந்தம் செய்கிறாள். மதோகாவைச் சந்தித்ததை மறுபடி முதலிலிருந்து வாழ வேண்டும். இந்தத் தடவை அவளால் காப்பாற்றப்படுகிறவளாக இல்லாமல், அவளைக் காப்பாற்றுகிறவளாக. இதுதான் வேண்டுதல்.

இந்த வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மதோகா உயிரோடு இருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. இருவரில் யார் யாரைக் காப்பது என்ற இடத்தை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கிறாள். அன்பும் இருக்கிறது, ஒரு பெருமிதத் தாகமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. சிக்கலின் முதல் முடிச்சு இது.

அந்த வேண்டுதலால் ஹொமுரா காலத்தைத் திருப்பித் திருப்பி அதே நாட்களை மறுபடி வாழ்கிறாள். இப்போது அந்த ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் வரிசையாக எழுதுங்கள். 10-ஆவது எபிசோட் அதற்காகவே அமைந்த மாதிரி இருக்கும். சாகும் மதோகா ஒரு சுற்றில். சூனியக்காரியாக மாறும் மதோகா அடுத்ததில். மூன்றாவதில், கியூபே ஏமாற்றுகிறது என்று ஹொமுரா சொல்கிறாள், யாரும் நம்பவில்லை. தோழிகள் ஒருவரையொருவர் கொல்லும் வரை போய்விடுகிறது. கடைசியில் இருவரும் குற்றுயிராகக் கிடக்கிறார்கள். மீதமிருந்த ஒரே மருந்தான துயர விதையை மதோகா ஹொமுராவின் கல்லைச் சுத்தமாக்கக் கொடுத்துவிட்டு, காலத்தில் பின்னால் போய், கியூபேயிடம் ஏமாறும் முன்பே என்னைத் தடுத்துவிடு என்கிறாள். சூனியக்காரியாக மாற எனக்கு விருப்பமில்லை என்கிறாள். மதோகாவின் கல்லை ஹொமுராதான் சுடுகிறாள்.

அடுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும் ஹொமுரா மந்திரத்தால் தன் பார்வையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றுகிறாள். சடைகளை அவிழ்க்கிறாள். இனி யாரையும் நம்பியிருக்க மாட்டேன் என்பதுதான் அந்த எபிசோடின் தலைப்பும். (இந்தத் தொடரில் எபிசோட் தலைப்புகள் பாத்திரங்கள் பேசும் பேச்சு போலவே இருக்கும். அந்த வரி எங்கே வருகிறது, யார் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், நல்ல பயிற்சி.)

அவளுடைய ஆயுதத்தையும் பாருங்கள். மற்றவர்களுக்கு வாள், ஈட்டி, துப்பாக்கி, வில் என்று மந்திரம் தந்திருக்கிறது. ஹொமுராவுக்குக் கிடைத்தது ஒரு கேடயம். அதற்குள் மணல் கடிகாரம். மணல் ஓட்டத்தைத் தடுத்தால் காலம் நிற்கும்; ஒரு மாத மணல் தீர்ந்த பிறகு கவிழ்த்தால் காலம் பின்னால் போகும். தாக்குவதற்கு மந்திரம் எதுவும் இல்லை. வீட்டில் குண்டு செய்யப் பழகுகிறாள், ரவுடிக் கும்பலிடமிருந்தும் ராணுவத்திடமிருந்தும் துப்பாக்கி திருடுகிறாள். காப்பதற்காகவே வேண்டிக்கொண்டவளுக்குக் காக்கும் கருவிதான் கிடைத்தது. ஆனால் அது காப்பாற்றுவது நேற்றைத்தான். நாளையை அதனால் தொட முடியவில்லை.

கடைசி முடிச்சு 11-ஆவது எபிசோடில் விழுகிறது. ஒரு சாதாரணப் பெண்ணான மதோகாவுக்கு இவ்வளவு பெரிய சக்தி எப்படி வந்தது என்று கியூபே விளக்குகிறது. ஹொமுரா ஒவ்வொரு தடவை காலத்தைத் திருப்பும்போதும் அத்தனை உலகங்களின் விதி இழைகளும் மதோகாவைச் சுற்றிச் சுற்றிச் சேர்ந்திருக்கின்றன. அதாவது, கியூபே மதோகாவை விடாமல் துரத்துவதற்குக் காரணமே ஹொமுராவின் காவல். பெரும் சூனியக்காரியிடம் தோற்று விழுந்தவள் கேடயத்தைத் திருப்பக் கை வைக்கிறாள். இது நினைவுக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. வேண்டும் என்றது, செய்தது, ஆனது என்ற மூன்றும் ஒன்றையொன்று அறுக்கும் இடம் இதுதான். உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல நடுப்பகுதி கிடைக்காது.

காதையும் திறந்துவையுங்கள்

வசன வரிகளை மட்டும் படித்துக்கொண்டு பார்த்தால் ஒரு பெரிய விஷயம் கைநழுவும்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்கள் காதில் விழும்.

முதல் சுற்றில் ஹொமுரா, 'கனாமே-ஸான்' என்று குடும்பப் பெயரோடு மரியாதை விகுதி சேர்த்துக் கூப்பிடுகிறாள். என்னை மதோகா என்றே கூப்பிடு, நான் உன்னை 'ஹொமுரா-ச்சான்' என்கிறேன் என்று மதோகா சொல்கிறாள். ஹொமுரா என்றால் தீச்சுடர். ரொம்பக் கம்பீரமான பெயர் என்று மதோகா புகழ, அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை என்று ஹொமுரா கூசுகிறாள். அப்படியானால் நீயும் கம்பீரமாக ஆகிவிடேன் என்று மதோகா உற்சாகப்படுத்துகிறாள்.

இப்போது முதல் எபிசோடின் வராந்தாவுக்குத் திரும்புங்கள். 'அகெமி-ஸான்' என்று மதோகா தயங்கிக் கூப்பிட, ஹொமுரா என்றே கூப்பிடு என்கிறாள் முன்னால் போகிறவள். பேச்சு வளர்க்க வழி தெரியாத மதோகா, வித்தியாசமான பெயர், கம்பீரமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுக்கிறாள். ஹொமுரா சட்டென்று திரும்புகிறாள். மதோகாவின் முழுப்பெயரையும் சொல்லி, உன் உயிரை நீ மதிக்கிறாயா, குடும்பத்தையும் தோழிகளையும் நேசிக்கிறாயா என்று கேட்கிறாள். அப்படி நேசித்தால் இப்போது இருப்பதிலிருந்து வேறொருத்தியாக மாற நினைக்காதே என்கிறாள்.

முதல் தடவை பார்க்கும்போது இது மிரட்டல். 10-ஆவது எபிசோடுக்குப் பிறகு, தன்னை முதன்முதலில் பெருமையாக உணரவைத்த அதே சொற்களை, தன்னை அறியாத ஒருத்தியின் வாயிலிருந்து மறுபடி கேட்டவளின் தவிப்பு. நீயும் கம்பீரமாக ஆகிவிடேன் என்று சொன்னவளுக்கு முன்னால், அப்படியே ஆகி வந்து நிற்கிறாள். மதோகாவுக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கூச்சக்காரி ஹொமுராவுக்கும் இந்த இறுகிய ஹொமுராவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, சிவா சைடோ. இரண்டு எபிசோடையும் அடுத்தடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள்.

மொழியில்தான் இருக்கும் இன்னொரு குறியீடும் உண்டு. 8-ஆவது எபிசோடின் முடிவில் கியூபே சொல்வது: இந்த நாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும் பெண்ணை ஷோஜோ என்கிறீர்கள்; ஆகவே நாளை மஜோ, அதாவது சூனியக்காரி ஆகப்போகிறவளை மஹோ ஷோஜோ என்பதுதானே பொருத்தம்? 'மஹோ ஷோஜோ' என்பது மந்திரச் சிறுமிக் கதைகளுக்கு ஜப்பானில் நெடுங்காலமாக இருக்கும் பெயர். அந்தப் பழகிய பெயருக்குள்ளேயே சூனியக்காரி ஒளிந்திருந்தாள் என்று காட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இந்த விளையாட்டு பாதி போய்விடும். அனிமே அலசுகிறவர்கள் தலைப்புக்கும் பெயர்களுக்கும் ஜப்பானிய மொழியில் என்ன பொருள் என்று ஒரு தடவையாவது பார்த்துவிடுவது இதற்காகத்தான்.

வெளியிலிருந்து எதைக் கொண்டுவரலாம்

கதைக்குள் தேடி முடித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். போகும்போது கதையே கையைக் காட்டும் திசையில் போங்கள். இந்தத் தொடரில் சூனியக்காரிகளின் மாயவெளிகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும்: வெட்டி ஒட்டிய காகிதம், துணி, பழைய படங்கள். அவற்றை வடிவமைத்தது கெகிதான் இனு கர்ரி என்ற கலைஞர் குழு. அங்கே சுவர்களில் புரியாத எழுத்துகள் தெரியும். ரசிகர்கள் பொறுமையாக உட்கார்ந்து அவற்றை உடைத்தபோது, பல இடங்களில் கெதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் ஜெர்மன் வரிகள் வெளிவந்தன. ஆசைக்கு ஈடாக ஆன்மாவை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தக் கதை அது. வால்புர்கிஸ் இரவு, அதாவது ஏப்ரல் 30 இரவில் சூனியக்காரிகள் கூடும் காட்சியும் அதில் உண்டு. இங்கே ஃபவுஸ்டைப் பற்றி எழுத உங்களுக்குத் திரையிலேயே அனுமதி இருக்கிறது.

எதிர் உதாரணமும் சொல்கிறேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தால் தொடரின் கடைசி இரண்டு எபிசோடுகள் தள்ளிப்போய் ஏப்ரலில்தான் ஒளிபரப்பாயின. 11-ஆவது எபிசோடில் புயல் எச்சரிக்கை, முகாமில் குவியும் மக்கள், சிதையும் நகரம். பேரழிவைப் பற்றிய உருவகம் என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் திரைக்கதை அதற்கு முன்பே எழுதப்பட்டது. அந்த ஏப்ரலில் ஜப்பானியர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எழுதலாம். நிலநடுக்கத்தை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று எழுதக் கூடாது. தேதியைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

எழுத உட்காரும்போது

நீங்கள் சொல்லவருவதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஹொமுரா சிக்கலான பாத்திரம்’ என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், ஆகவே அது வேலைக்காகாது. ‘ஹொமுரா காப்பாற்ற நினைப்பது மதோகாவை மட்டுமில்லை, மதோகாவைக் காப்பவள் என்ற தன் இடத்தையும்தான்’ என்றால் ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும். அப்படிப்பட்ட வாக்கியம்தான் வேண்டும்.

அதற்கு மூன்று காட்சி போதும். கதைச் சுருக்கத்தைக் கட்டுரையின் முதல் பாதி முழுக்க நிரப்பாதீர்கள். காட்சியிலிருந்து தொடங்கி, தேவையான கதையை அங்கங்கே சொல்லுங்கள். அப்புறம், கட்டாயம் செய்யவேண்டியது: உங்கள் வாக்கியத்துக்கு எதிரான காட்சி ஒன்றைத் தேடிப்பிடித்து அதையும் எழுதுங்கள். மேலே சொன்ன வாக்கியத்துக்கு எதிர்சாட்சி ஆற்றங்கரைதான். இழந்தவளின் கடைசி மிச்சமான ரிப்பனை, ஜுன்கோ கேட்கக்கூட இல்லை, தரட்டுமா என்கிறாள் ஹொமுரா. தன் இடத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருப்பவள் அதைச் சொல்வாளா? இந்தக் கேள்வி என் வாக்கியத்தைக் கொஞ்சம் ஆட்டிவைக்கிறது. ஆடியதையும் எழுதினால் படிக்கிறவர் உங்களை நம்புவார்.

படைப்பாளிகளின் பேட்டிகளைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால் அவர்கள் சொன்னதைத்தான் பார்ப்பீர்கள்.

ஒரு பயிற்சி

தொடருக்குப் பிறகு கதையைத் தொடரும் திரைப்படம் 2013 அக்டோபரில் வந்தது. அதன் முடிவில், உலக நியதியாகிவிட்ட மதோகாவை ஹொமுரா அங்கிருந்து பிய்த்து எடுத்து, சாதாரணச் சிறுமியாக மனிதர்களிடையே வாழவைக்கிறாள். தன்னைப் பேய் என்று சொல்லிக்கொள்கிறாள். பத்து வருடத்துக்கு மேலாகியும் ரசிகர்கள் இரண்டு கட்சி. அன்பு என்கிறார்கள் ஒருசாரார். அபகரிப்பு என்கிறார்கள் இன்னொரு சாரார். எந்தப் பக்கம் சேர்வது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். மறுபடி அதே கண்ணாடி வராந்தாவுக்கு வாருங்கள்.

இந்தத் தடவை அமெரிக்காவிலிருந்து திரும்பிப் புதிதாகச் சேர்ந்தவள் மதோகா. பள்ளியைச் சுற்றிக்காட்டுபவள் ஹொமுரா. ஒழுங்கு முக்கியமா, ஆசை முக்கியமா என்று கேட்கிறாள். ஒழுங்குதான் என்று மதோகா சொல்ல, அப்படியானால் ஒருநாள் நீயும் எனக்கு எதிரியாக ஆகலாம் என்கிறாள். மதோகாவின் தலையில் மஞ்சள் ரிப்பன். ஹொமுரா தன்னிடமிருக்கும் சிவப்பு ரிப்பனை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டு, உனக்குத்தான் இது பொருத்தமாக இருக்கிறது என்கிறாள், கண்ணில் நீரோடு.

அம்மா தேர்ந்தெடுத்தது, மகள் கொடுத்தது, தோழி திருப்பித் தந்தது. நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நேரம். இரண்டாவதில்: சிவப்பு ரிப்பன் மதோகாவின் தலைக்குத் திரும்புகிறது; கட்டுவது ஹொமுரா; மதோகா கேட்கவில்லை. மூன்றாவது கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை. என் தங்கை மகள் நிரப்பியது எனக்கு நேர் எதிராக இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.